குளத்தைக் காட்டாத குளக்கரை உலா

குளத்துத் தோட்டம், கோலா சாவா.
சுபானு வருஷம், ஆவணி மாதம்.
உங்கள் ஆபீசின் ஜப்பான் கணக்கில் 2603.

மரியாதைக்குரிய பெரியத்தான் இராஜமாணிக்கம் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தம்பி கணேசமூர்த்தியின் மனைவி நீலாவதி பணிவுடன் வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தம்பியும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். என் இரண்டு குதிகால்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் நலம்தான். அங்கே தாங்களும் செல்லம் அக்காவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முக்கியமாகத் தாங்கள் நலமாக இருக்க வேண்டும். நோயாளிகளிடம் கோபித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. இந்தக் கடிதமோ முழுக்க முழுக்கக் கோபத்தால் ஆனது.

இதை நான் தபாலில் போடவில்லை. உப்பும் துணியும் கொண்டுவரும் பக்கீர் முகம்மது பாய் இன்று சிரம்பான் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து, வறுத்த மரவள்ளித் தூளில் போட்ட காப்பியை, காப்பி என்று நினைத்துக் குடிக்க முயன்றுகொண்டிருக்கிறார். அவருக்கு அவசரமில்லை. சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை வளைத்துக் கட்டியிருக்கிறார், வெயில் தாழ்ந்தால்தான் அது ஒழுங்காக உருளும் என்கிறார். நாடு முழுவதும் ரப்பர் மரம், ஒரு சைக்கிளுக்கு டயர் இல்லை. இந்த நிலையில்தான் தாங்கள் எங்களுக்கு உலாப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

தங்களுக்குப் பூங்காப் பைத்தியம் உண்டென்று கல்யாணமான முதல் மாதத்திலேயே எனக்குத் தெரியும். மறுவீட்டு விருந்துக்கு வந்த என்னைச் சோறு போடுவதற்கு முன்னால் பட்டணத்து ஏரியைச் சுற்றி நடக்கவைத்தீர்கள். எந்த பெஞ்சு எந்த மரத்தில் செய்தது, எந்தத் திருப்பத்தில் நின்றால் ஏரி முழுதும் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். பட்டுப்புடவையில் வியர்த்து நின்ற நான், படித்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டோம் என்று அப்போது சந்தோஷப்பட்டேன். சரி, பூங்கா ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பவர் பூங்காவை நேசிக்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்து, அரிசி போய்க் கிழங்கு வந்து, லயத்து வீடுகளில் பாதி ஆண்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய் ஒருவரும் திரும்பி வராமல் இருக்கும் இந்தக் காலத்திலும், புது ஆபீசில் புது நாற்காலியில் உட்கார்ந்து தாங்கள் முதலில் எழுதிய யோசனை, தோட்டத்து மக்களுக்கு ஏரிக்கரை உலா வேண்டும் என்பது. இதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

உத்தரவு வந்த நாளில் அதைப் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடும் அந்த முற்றத்தில், நான்தான் உரக்க வாசித்தேன். தோட்டத்தில் ஒரு குளம் இருப்பதாகவும், அதன் கரை வீணாகக் கிடப்பதாகவும், ஓய்வு நாள்தோறும் நடக்கக்கூடிய அனைவரும் விடிந்ததும் தேகப்பயிற்சி செய்து, பின் குளக்கரையில் அமைக்கப்படும் பாதையில் உலாவி, இயற்கையைக் கண்டு உடலும் உள்ளமும் உறுதி பெற வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பெண்கள் பகுதிக்குத் தலைவி, பட்டதாரியும் முன்னாள் ஆசிரியையுமான ஸ்ரீமதி நீலாவதி. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? சென்னையில் பெண்கள் கல்லூரியில் நான் வாங்கின பட்டம் கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது. அப்புறம் பூங்கா விதிகள். பூப்பறிக்கக் கூடாது, உரத்துப் பேசக் கூடாது, மீன்களுக்குத் தீனி போடக் கூடாது. அந்த மூன்றாவது விதியை வாசித்தபோது கூட்டத்திலிருந்து ராக்கம்மா, "நம்மகிட்ட மீனுக்குப் போட தீனி இருக்குன்னு நெனைக்க ஒரு மனுசன் இருக்காரே, அவரு நல்லா இருக்கட்டும்" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன், அன்றைக்கு எனக்கு இன்னும் கோபம் முழுதாக வரவில்லை.

ராக்கம்மாவைத் தங்களுக்குத் தெரியாது. மூன்று பிள்ளைகள், புருஷனை இந்தச் சித்திரையில் லோரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பெரட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், போனான், அவ்வளவுதான். தோட்டத்தின் முன்பக்கம் எல்லாருமாகப் போட்ட மரவள்ளியில் பாதி லோரியேறிப் பட்டாளத்துக்குப் போகிறது. மீதியில் லயத்துக்கு எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சிரம்பானில் தாங்களும் அதையேதான் தின்கிறீர்கள். அதனால் ராக்கம்மாவும் இன்னும் சில பெண்களும் குளக்கரைக்குப் போய்ப் புல்லை வெட்டி, ஒருவரிடமும் சொல்லாமல் மரவள்ளி நட்டார்கள். அது எவர் கணக்கிலும் இல்லாத கிழங்கு, பட்டாளத்தின் கண்ணில் பட்டால் அதுவும் லோரியேறும். அது முற்றும்வரை பிள்ளைகளைப் பிழைக்க வைத்துவிட்டால் போதும் என்று அவர்கள் இருக்கிறார்கள். செடி இப்போதுதான் என் இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. தோண்டுவதற்கு மார்கழி ஆகிவிடும். தாங்கள் வீணாகக் கிடப்பதாக எழுதிய கரை இதுதான், பெரியத்தான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மேடு, நடுவில் இருக்கிற அகலம் முழுக்க மரவள்ளி. பாதை போட வேண்டுமானால் செடியைப் பிடுங்கித்தான் போட வேண்டும்.

உத்தரவு வாசித்த அன்று மத்தியானமே ராக்கம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, அந்தக் கடுதாசில இருக்கிறது ஒங்க மச்சாண்டாரு எழுதினதா?"

"ஆமாம்."

"படிச்சவருதானே?"

"படிச்சவர்தான்."

"சரி. அப்ப ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிப் போய்விட்டாள். நான் இருபது வருஷம் வகுப்பில் நின்று எத்தனையோ பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். அவர்களில் யாரையும் இப்படிச் சுருக்கமாகத் திட்ட எனக்குத் தெரிந்ததில்லை.

அன்றே தங்களுக்கு விவரமாக, மரியாதையாக, மறைக்க வேண்டியதை மறைத்து எழுதினேன். கரையில் கொஞ்சம் மரவள்ளி இருக்கிறது, பாதையை வேறு பக்கம் திருப்பலாமா என்று கேட்டேன். தாங்கள் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். மரவள்ளி பார்வைக்கு உகந்த செடி அல்ல, அதை அகற்றிவிட்டு வரிசையாகக் கல்வாழை வைத்தால் தண்ணீரில் நிழல் விழுந்து அழகாக இருக்கும். கல்வாழைக்கும் கிழங்கு உண்டு என்று எனக்குத் தெரியும். அதை அவித்துத் தின்னத் தாங்கள் சொல்லவில்லை, நிழலைப் பார்க்கச் சொன்னீர்கள். அந்தக் கடிதத்தை நான் அடுப்பில் வைத்தேன். பதினைந்து வருஷத்தில் தங்கள் கையெழுத்தை நான் அடுப்பில் வைத்தது அதுதான் முதல் தடவை. உங்கள் தம்பி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரால் செய்ய முடிந்தது, விறகைச் சற்று முன்னால் தள்ளிக் கொடுத்தார்.

பாதை வெட்டும் வேலை ஆறுமுகம் கங்காணியிடம் வந்தது. அவர் நல்லவர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர், அதுதான் ஆபத்து. குளத்துப் பக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ரப்பர்க் காட்டுப்பக்கம் பாதை போடுங்கள் என்று சொன்னேன். அதற்குள் தங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதி மனத்தைத் திருப்பலாம் என்ற நினைப்பு. எப்படிப்பட்ட பாதை என்று கேட்டார். உத்தரவில் இருந்ததையே நல்ல தமிழில் சொன்னேன். விடியற்காலையில் ஒரு ஆள் புறப்பட்டு, வழியில் உள்ள ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் பார்த்து, வெயில் ஏறுவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற பாதை.

"அம்புட்டுத்தானே டீச்சரம்மா. அது நம்மளுக்குத் தெரியாதா? சுண்ணாம்பு மட்டும் குடுங்க லா" என்றார்.

என் தலையில் நானே போட்டுக்கொண்ட கல் அது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மனிதரிடம், விடியற்காலையில் புறப்பட்டு ஒவ்வொன்றாக நின்று பார்த்துத் திரும்பி வருவது என்று சொன்னால் அவர் எதை நினைப்பார்? பால் வெட்டும் ஆளுக்குக் கொடுக்கிற நிரையை நினைப்பார். ஒரு ஆள் ஒரு காலையில் வெட்டி முடிக்கிற மரங்களின் வரிசைதான் நிரை. ஒரு வரிசையில் மேலே போய், அடுத்த வரிசையில் கீழே வந்து, மறுபடி மேலே போய், ஒரு மரம் விடாமல் தொட்டு வருவது. இப்போது பால் வெட்டு நின்று மரங்கள் சும்மா நிற்கின்றன, ஆனால் கங்காணியின் தலைக்குள் வெட்டு நிற்கவில்லை. அவர் மலைக்காட்டில் ஒவ்வொரு மரத்திலும், வெட்டுக் காயம் இருக்கிற பக்கமாகப் பார்த்து, அழகாகச் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் புல் வெட்டிச் சுத்தமாக இருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். எனக்கு மலையேற மனமில்லை, அவ்வளவுதான்.

திறப்பு விழாவுக்குத் தங்கள் ஆபீஸ் பெரியவர், பட்டாளத்து மொரிதா துரை, காரில் வந்தார். தாங்கள் வருவதாக எழுதியிருந்தீர்கள், வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினீர்கள். தங்கள் வயிற்றுக்கு அன்றைக்கு வந்த வலியைப் போல ஒரு சமயோசிதமான வலியை நான் கேள்விப்பட்டதில்லை. காலை ஏழு மணி என்று உத்தரவு. தோக்கியோ நேரத்தில் ஏழு மணி என்றால் இங்கே சேவல்கூடக் கண் திறக்கவில்லை. இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வரிசையில் நின்று தேகப்பயிற்சி செய்தோம். நான் முன்னால் நின்று, இச்சி, நி, சான், சி என்று ஜப்பான் பாஷையில் எண்ண வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இருட்டில் குதித்தபடி எண்ணுவதை உங்கள் தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்த்தார். அவர் சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். ஆனால் அன்று காலை முழுவதும் அவருக்கு ஒரு இருமல் இருந்தது, தோட்டத்துக்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸருக்கு அதற்கு மருந்து தெரியவில்லை.

பிறகு நடை. முன்னால் கங்காணி, அவர் பின்னால் துரை, துரையின் பின்னால் நான், என் பின்னால் லயம். கங்காணி முதல் மரத்துக்குப் போனார், பொட்டு வைத்த பக்கமாகச் சுற்றினார், பழக்க தோஷத்தில் குனிந்து, பால் பிடிக்கும் மங்குக் கோப்பை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், அடுத்த மரத்துக்குப் போனார். துரை கொஞ்சம் யோசித்தார், அவரும் சுற்றினார். பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து இதைத்தான் செய்தவர்கள். மரத்தைக் கண்டதும் அவர்கள் உடம்பு தானாகச் சுற்றுகிறது, தானாகக் குனிகிறது. ஜப்பான் ஆட்களைக் கண்டால் குனிய வேண்டும் என்பது சட்டம், அது தங்களுக்குத் தெரியும். மரத்தைக் கண்டு குனிகிற ஜனங்களை மொரிதா துரை தம் வாழ்நாளில் பார்த்ததில்லை போலும். கொஞ்சதூரம் போனதும் அவர் நின்று, எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்து, என்னிடம் மலாயில், "ஓராங் சினி ஹொர்மாட் போக்கோக். பாகுஸ்" என்றார். இந்த ஊர் ஜனங்கள் மரத்துக்கு மரியாதை செய்கிறார்கள், நல்லது என்று அர்த்தம். அடுத்த மரத்தின் முன்னால் அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அதற்கப்புறம் குனியாமல் யாரால் நடக்க முடியும்?

எனக்குப் பின்னால் ராக்கம்மாவும், அவளோடு கரையில் கிழங்கு நட்ட மங்கம்மாவும் வந்தார்கள்.

"ஏண்டி, இந்த மரம் பால் வத்திப் போயி எத்தனை வருசமாச்சு. இதுக்கு என்னாத்துக்குக் கும்பிடு?" என்று ராக்கம்மா ஆரம்பித்தாள்.

"பேசாமக் குனிடீ. தொரை பாக்குறான்."

"சம்பளம் வாங்கி நடந்தப்பகூட நான் இதுங்களக் கும்புட்டதில்ல. டீச்சரம்மா, ஒங்க மச்சாண்டாரு மரத்துக்கு மாலை கீலை போடச் சொல்லி எழுதலியா?"

நான் அடுத்த மரத்துக்குக் குனிந்தேன். தலைவி என்பவள் திரும்பிப் பார்க்காமல் முன்னே போக வேண்டும். அட்டை கடித்தது. மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது. யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய என் கடைசி ஜோடிச் செருப்பில் ஒன்று மலைக்காட்டின் மூன்றாவது வரிசையில் உயிரை விட்டது, மற்றது தனியாக இருந்து என்ன செய்வது என்று அதையும் அங்கேயே விட்டேன். வழியெல்லாம் மரம், மரத்துக்குப் பின்னால் மரம். துரை இரண்டு தடவை, "தாசேக் மானா?" என்று கேட்டார். குளம் எங்கே என்று கேட்கிறார். கங்காணி இரண்டு தடவையும் மலாயில் முன்னால், முன்னால் என்று கையைக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு முன்னால் மரம் இருந்தது, அதைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. இந்தப் பாதை குளத்துக்குப் போகவே போகாது. கங்காணியின் கணக்கில் மரமில்லாத இடத்துக்கு நடந்து போக ஒரு காரணமும் இல்லை.

வெயில் ஏறியபோது புறப்பட்ட இடத்துக்கே, பெரட்டுக்களத்துக்கே, வந்து சேர்ந்தோம். குளம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று தங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரப்பர் காயவைக்கும் புகைவீட்டுக்குப் பின்னால், மூங்கில் புதரைத் தாண்டினால் தண்ணீர். துரை குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சட்டை நனைந்து, காலில் இரத்தம் ஒழுகி, முகம் சிவந்திருந்தது. அந்த ஆள் கையை ஓங்கினால் எப்படி விழும் என்று இந்தத் தோட்டத்தில் பலருக்குத் தெரியும். மூன்றாவது தடவையாக, மெதுவாக, "தாசேக் மானா?" என்றார். புதருக்குப் பின்னாலிருந்து தவளைகள் ஒரேயடியாகக் கத்துகின்றன. கங்காணி வெள்ளந்தியாகத் திரும்பி, இதோ இங்கேதானே என்று காட்டக் கையைத் தூக்கினார். ராக்கம்மா என் முதுகுக்குப் பின்னால், "டீச்சரம்மா, அந்த ஆளு வாய மூடுங்க" என்றாள். அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை, பெரியத்தான். அது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. நான் முன்னால் போய்த் தலையைக் குனிந்து, "பெலும், துவான்" என்றேன். இன்னும் இல்லை, ஐயா. அது பொய்யா என்று அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். பாதை குளத்துக்கு இன்னும் வரவில்லை என்பது உண்மைதான். கங்காணி தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு, அவர் மனத்தில் இருந்ததை அப்படியே சொன்னார்: இது இன்றைக்கு உண்டான நிரை, அடுத்த வாரம் அடுத்த நிரை.

துரை எங்கள் எல்லாரையும் பார்த்தார், சுண்ணாம்புப் பொட்டுகளைப் பார்த்தார், சிரித்தார். பாதையைப் பகுதி பகுதியாக வகுத்து, குளத்தைக் கடைசிப் பரிசாக வைத்திருக்கிறீர்கள், இது நல்ல பயிற்சி, வழியில் குறுக்கே போய் முடிவைப் பார்ப்பது வீரனுக்கு அழகில்லை என்கிற மாதிரி ஏதோ மலாயும் ஜப்பானுமாகச் சொன்னார். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரம் இரண்டு சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாரமும் ஒரு காடு, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கும்பிடு. குளத்தைப் பற்றி அவர் கேட்பதே இல்லை. முகத்தைத் தண்ணீர் இருக்கிற பக்கம் திருப்பாமல், பெரிய விரதம்போலக் காரில் ஏறுகிறார்.

அவருக்கு ஆனந்தம். எங்களுக்கு? இருந்த ஒரே ஓய்வு நாளும் போயிற்று. அந்த ஒரு நாளில்தான் பெண்கள் துணி துவைப்பார்கள், பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பார்கள், குளக்கரையில் களை எடுப்பார்கள். இப்போது மரவள்ளியை விடப் புல் உயரமாக நிற்கிறது. அரை வயிற்றோடு மலையேறி இறங்கினவர்கள் மறுநாள் வேலைக்குப் போகையில் கால் வீங்கியிருக்கிறது. உங்கள் தம்பியிடம் மருந்து இல்லை, உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொல்கிறார், பாய் கொண்டுவரும் உப்பு கஞ்சிக்கே போதவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். "தலைவியம்மா, வர்ற வாரம் எந்தக் காட்டு சாமிக்குப் பூசை?" என்று மங்கம்மா தண்ணீர்க் குழாயடியில் கேட்டபோது நான் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று இரவு கால் வலியில் தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு என்னையே கேட்டுக்கொண்டேன். பட்டாளத்தை விட, மொரிதா துரையை விட, பெரியத்தான் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம்? அவர்கள்தானே ஆட்களைக் கொண்டுபோனவர்கள், கிழங்கைக் கொண்டுபோகிறவர்கள். பதில் எனக்குப் பிடிக்காத பதிலாக இருந்தது. அவர்கள் மேல் கோபப்பட்டால் அறை விழும். தங்கள் மேல் கோபப்பட்டால் பதில் கடிதம்தான் வரும். அதனால் அவர்கள் பங்குக்கும் சேர்த்துத் தாங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். இது நியாயமில்லை என்று தெரிகிறது. நியாயமில்லை என்று தெரிந்தபின்னும் கோபம் ஒரு பிடி குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் குளம் இருப்பது தெரியாது. தாங்கள்தான் சொன்னீர்கள்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன், பணிவு தீர்ந்துபோனால் வேறு விதமாகவும் கேட்பேன். இந்தக் கடிதம் கண்ட உடனே தாங்கள் மொரிதா துரையிடம் போய், குளத்துத் தோட்டத்து உலாவை நிறுத்திவிடும்படி செய்ய வேண்டும். என்ன காரணம் சொல்வீர்களோ தெரியாது. மலேரியா என்று சொல்லுங்கள், புலி என்று சொல்லுங்கள். தலைவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்னாலும் சம்மதம், அது ரொம்பத் தூரத்தில் இல்லை. எங்கள் ஓய்வு நாளை எங்களிடம் திருப்பிக் கொடுங்கள். இனிமேல் எந்தத் தோட்டத்திலாவது தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்டால், தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு அப்பால் போய்விடுங்கள்.

செல்லம் அக்காவுக்கு என் அன்பு. அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, தங்களோடு குடித்தனம் செய்கிறார்கள் என்பதில் இருந்தே அவர்கள் பொறுமை தெரிகிறது. தாங்கள் நீண்ட ஆயுளுடன் இருந்து, செய்ததையெல்லாம் ஒன்றொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தம்பி மனைவி,
நீலாவதி

பின்குறிப்பு: தங்களுக்கு எழுதும் கடிதத்தை உங்கள் தம்பியிடம் காட்டாமல் அனுப்பும் வழக்கம் இல்லை, ஆகவே காட்டினேன். மரியாதைக் குறைவான இடங்களையெல்லாம் அவர் தாண்டிப் போனார், சில இடங்களில் தலையை ஆட்டியதாகக்கூட எனக்குத் தோன்றியது. முடிவுக்கு வந்ததும் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "நடை நின்னுபோச்சுன்னா தொரைக்கு நெரையும் இல்லே, விரதமும் இல்லே. கார்லேயே வந்து எறங்கி, குளத்தைக் காட்டுன்னு கேப்பாரே, நீலா" என்றார். நான் அவரிடமும் ஒரு சண்டை போட்டேன். போட்டு முடித்ததும் அவர் சொன்னது அப்படியேதான் இருந்தது. கங்காணியை வரவழைத்துக் கேட்டேன், நடக்காத காடு இன்னும் எத்தனை இருக்கிறது என்று. புரட்டாசி முடிவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார். கிழங்கு மார்கழிக்குத்தான். ஆகையால் மேலே கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள்ளுங்கள். உலாவை நிறுத்தச் சொல்லாதீர்கள். நீட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டத்து நிரைகளையும் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கப்பாலுள்ளதையும் சேர்க்கச் சொல்லுங்கள், ரெம்பாவ் வரைக்கும் மரம் இருக்கிறது, ஒன்றுக்கும் கும்பிடு தவறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ராக்கம்மா இப்போது என் பக்கத்தில் நிற்கிறாள். துரைக்குக் காலில் ஒன்றும் வந்துவிடாமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கு மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைக்கப்போகிறாளாம். அவள் புருஷனை லோரியில் ஏற்றிய அதே பட்டாளத்தின் கால். நானும் அவளோடு கோயிலுக்குப் புறப்படுகிறேன்.